மூச்சு விடாத கிடார்

நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம நாட்டுல கிடார் சொல்லிக் கொடுக்கிற முறையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கார்டு சொல்லித் தர்றாங்க. ஸ்கேல் சொல்லித் தர்றாங்க. மெட்ரோனோம் வெச்சு வேகத்தை ஏத்தச் சொல்றாங்க. எங்கே நிறுத்தணும்னு மட்டும் பெரும்பாலான இடத்துல சொல்லித் தர்றதில்லை.

விளைவு என்ன? மூணு வருஷம் கிளாஸ் போன பையன்கிட்ட, "நான் பின்னாடி கார்டு அடிக்கிறேன், நீ உன் மனசுக்குத் தோணினதை வாசி"ன்னு சொல்லிப் பாருங்க. விரல் மேலே ஓடும், கீழே ஓடும். ஒரு சுரம்கூட தப்பா விழாது. ஆனா வாசிச்சு முடிச்சதும் கேட்டவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. டெலிபோன் டைரக்டரியை வேகமா படிச்சுக் காட்டின மாதிரி இருக்கும்.

கிடாரைத் தொட்டே பார்க்காதவங்களும் மேலே படிக்கலாம். இது பாதிக்கு மேல பேச்சைப் பத்தின விஷயம்தான்.

மனசுக்குத் தோணினதை அந்தந்த நேரத்துல வாசிக்கிறதை இங்கிலீஷ்காரன் இம்ப்ரொவைசேஷன்னு சொல்றான். நம்மூர்ல மனோதர்மம். ரெண்டுக்கும் இலக்கணம் வேற வேற, ஆனா தேவை ஒண்ணுதான்: சொல்றதுக்கு ஒரு வாக்கியம் வேணும். அந்த வாக்கியத்தைத்தான் கிடார்காரங்க ஃப்ரேஸ்னு சொல்றாங்க. அதுக்கு ஒரு ஆரம்பம் உண்டு, ஒரு ஏத்தம் உண்டு, ஒரு முடிவு உண்டு, முடிஞ்ச பிறகு கொஞ்சம் அமைதியும் உண்டு. ஸ்கேல்ங்கறது எழுத்து மட்டும்தான். அ-விலேர்ந்து ஃ வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிக்கிற குழந்தையைப் பார்த்து நாம கை தட்டுவோம், ஆனா அது பேசுதுன்னு சொல்ல மாட்டோம்.

நமக்குத் தெரிஞ்ச உதாரணமே எடுத்துக்கலாம். கிடார் கிளாஸ்ல முதல்ல சொல்லித் தர்ற ஸ்கேல்களில் ஒண்ணு மைனர் பென்டடானிக். ஏ-யில ஆரம்பிச்சா ஏ, சி, டி, ஈ, ஜி. அஞ்சே சுரம். ஏ-யை ஸட்ஜமா வெச்சுக்கிட்டா ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். அப்படியே சுத்த தன்யாசி! ஆனா சிகாகோ ப்ளூஸைக் கேட்டுட்டு யாராவது "அடடா, சுத்த தன்யாசி"ன்னு தலையாட்டுவாங்களா? மாட்டாங்க. சுரம் ஒண்ணுதான், ஆனா எதுல நிக்கிறது, எதை இழுக்கிறது, எதைத் தொட்டுட்டு விடறது எல்லாமே வேற.

இன்னும் நெருக்கமான உதாரணம் வேணுமா? ஆரபியும் தேவகாந்தாரியும். ஆரோகணம் அவரோகணத்தைக் காகிதத்துல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சபாவுல உட்கார்ந்திருக்கிற மாமி ரெண்டாவது பிடியிலேயே இது எதுன்னு சொல்லிடுவாங்க. ஆரபி மிடுக்கா நடக்கும், தேவகாந்தாரி அசைஞ்சு நிதானமா வரும். அந்தப் பிடிதான் ராகம். காகிதத்துல இருக்கிறது வெறும் முகவரி.

ஆக, ஸ்கேலை மட்டும் படிச்சுட்டு மனோதர்மம் வரலையேன்னு அழுதா, அது நம்ம குத்தம் இல்லை. அதைப் படிக்கவே இல்லைங்கறதுதான் உண்மை.

கிடார்ல இந்தப் பிரச்சினை பெரிசா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முடிஞ்சா வாக்கியம் முடிஞ்சது. புல்லாங்குழல், சாக்ஸபோன், பாட்டு எல்லாம் அப்படித்தான். வயலினுக்குக்கூட வில்லோட நீளம்னு ஒரு எல்லை இருக்கு. கிடாருக்கு அந்த எல்லையே கிடையாது. விரல் வலிக்கிற வரைக்கும் ஓட்டலாம். உடம்பு நிறுத்தச் சொல்லாத வாத்தியத்துல, நிறுத்துறதை அறிவுதான் சொல்லணும். வீணைக்கும் இதே சங்கடம் உண்டு. ஆனா வீணை கத்துக்கறவங்களை முதல்ல வாயால பாட வெச்சிடறாங்க. கிடார் கிளாஸ்ல வாயைத் திறக்கச் சொல்ற வாத்தியார் ரொம்பக் குறைவு.

எலெக்ட்ரிக் கிடாரைத் தனி வாத்தியமா நிமிர்ந்து நிக்க வெச்ச ஆட்களைப் பாருங்க. சார்லி கிறிஸ்டியன் 1939-ல பென்னி குட்மேன் குழுவுல சேர்ந்தார், 1942-ல இருபத்தஞ்சு வயசுல இறந்துட்டார். அந்தச் சின்ன இடைவெளியில அவர் செஞ்சது என்னன்னா, கிடார்ல சாக்ஸபோன் மாதிரி வாக்கியம் அமைச்சது. ஊதுறவன் எங்கே மூச்சு எடுப்பானோ அங்கே இவரும் விட்டார். வெஸ் மான்ட்கோமெரி முறையா கிளாஸ் எதுவும் போனவர் இல்லை. சார்லி கிறிஸ்டியனோட ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டே அந்த வாசிப்பு முழுசையும் விரலுக்குக் கொண்டு வந்தவர். அதாவது அவர் எழுத்தைப் படிக்கலை, வாக்கியத்தைப் படிச்சார். நாம குழந்தையில தமிழ் கத்துக்கிட்ட மாதிரியே.

அடுத்து பி.பி.கிங் (1925-2015). இவரைப் பத்திப் பேசாம இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அவர் பாடும்போது கிடார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி பாடுவார், கிடார் பதில் சொல்லும். திரும்ப ஒரு வரி, திரும்ப ஒரு பதில். 1964 நவம்பர்ல சிகாகோவுல பதிவாகி 1965-ல வந்த 'லைவ் அட் தி ரீகல்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்க. ஒத்தச் சுரத்தை எடுத்து, அதை விரலால அசைச்சே கூட்டத்தை ஊன்னு கத்த வைப்பார். அந்தக் கத்தல் வேகத்துக்கு விழுந்தது இல்லை.

இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. ப்ளூஸ்ல பெரும்பாலான பாட்டுக்குப் பன்னிரண்டு பார். மூணு வரி, வரிக்கு நாலு பார். ஒவ்வொரு வரியிலயும் பாடறவர் சுமார் முதல் ரெண்டு பாரை எடுத்துப்பார், மிச்ச ரெண்டு பார் வாத்தியத்துக்கு. அதாவது அந்த வடிவத்துலேயே கேள்விக்கு ஒரு இடம், பதிலுக்கு ஒரு இடம் ஒதுக்கியாச்சு. நிமிஷத்துக்கு 60 அடி வேகத்துல, பாருக்கு நாலு அடின்னு வெச்சா, பன்னிரண்டு பாருக்கு 48 விநாடி. பாடறவர் அதுக்குள்ள முப்பது நாப்பது அசை பாடுவார். நம்ம தம்பி ஒரு அடிக்கு நாலு சுரம்னு அடைச்சா 192 சுரம்! மனுஷன் பேசற அளவு எது, மெஷின் பேசற அளவு எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

சரி, இதெல்லாம் அமெரிக்காக் கதை. நான் குப்பை கொட்டுற கொல்கத்தாவுக்கு வருவோம்.

இந்த ஊர்ல கிடார்னா ரெண்டு வகை. ஒண்ணு நாம சினிமாவுல பார்க்கிற வகை. இன்னொண்ணு ஹவாயன் கிடார். மடியில படுக்க வெச்சு, கம்பி மேல இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கிறது. 1940-களில் டௌ மோங்கற ஹவாய் இசைக்கலைஞர் குடும்பத்தோட இங்கே தங்கி வாசிச்சிருக்கார், சொல்லியும் கொடுத்திருக்கார். அப்புறம் அது வங்காளிகளோட வாத்தியமாவே ஆயிடுச்சு. ரவீந்திர சங்கீதத்தை அதுல வாசிக்கிறது ஒரு தனி மரபு. நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பெண்கள் பலர் ஹார்மோனியம் கத்துக்கிட்ட மாதிரியே இதையும் கத்துக்கிட்டாங்க. சுனில் கங்குலி வாசிச்ச ஹிந்தி சினிமாப் பாட்டு ரெக்கார்டுகள் நாடு முழுக்க வித்தது. பிரிஜ் பூஷண் காப்ரா இதே மாதிரி மடி கிடார்ல ஹிந்துஸ்தானி ராகம் வாசிச்சார். 1967-ல சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோட அவர் சேர்ந்து வாசிச்ச 'கால் ஆஃப் தி வேலி' இன்னிக்கும் கேட்கப்படுது.

எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டு மாஷிமா ஹவாயன் கிடார் வாசிப்பாங்க. (மாஷிமான்னா அம்மாவோட கூடப்பிறந்தவங்க. இங்கே வயசுல பெரிய பெண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடணும்.) எழுபது வயசுக்கு மேல இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ரவீந்திரநாத் பாட்டு ஒண்ணு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரொம்ப நல்லா இருக்கு மாஷிமா, எப்படி இப்படிப் பாடற மாதிரியே வருதுன்னு கேட்டேன்.

"பாடிக்கிட்டேதானே வாசிக்கிறேன். வெளியில கேட்கலை, அவ்வளவுதான்"னு சொன்னாங்க.

அப்புறம் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு விளக்கினாங்க. "இங்கே ஒரு வார்த்தை முடியுது. வார்த்தை முடியற இடத்துல இரும்பைத் தூக்கிடணும். நடுவுல தூக்கினா வார்த்தை உடைஞ்சிடும். பாட்டோட அர்த்தம் தெரியாம எங்க வாத்தியார் வாசிக்கவே விட மாட்டார்."

இசைப் பள்ளிக்கூடத்துல ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கிக்கிட்டு சொல்லித் தராத விஷயம் இதுதான். வார்த்தை இல்லாத வாத்தியத்துல வாசிக்கிறவங்க வார்த்தையைப் படிச்சுட்டு வாசிக்கிறாங்க. அதனால அதுல தானாவே முற்றுப்புள்ளி, கமா எல்லாம் வந்துடுது.

நம்ம பசங்களையும் பாருங்க. கிடார் வாங்கின தமிழ்ப் பையன்ல 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து 'இளைய நிலா' தொடக்கத்தை முயற்சி பண்ணாதவன் அபூர்வம். அந்தக் கார்டைப் பிரிச்சு மீட்டறதை எல்லாரும் வாசிப்பாங்க. ஆனா அதுக்கு மேல எஸ்.பி.பி. பாடினாரே, அந்த மெட்டை அவர் நிறுத்தின இடத்துல நிறுத்தி, அவர் குழைச்ச இடத்துல குழைச்சு, கம்பியில கொண்டு வந்தவங்க எத்தனை பேர்? அதைச் செஞ்சு பார்த்தாலே ஃப்ரேஸிங் பாதி வந்துடும்.

இந்தப் பதிவை இப்போ எழுதக் காரணம் எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தன். அசன்சோல்காரன், வயசு இருபத்தஞ்சு. மூணு வருஷம் வாரக்கடைசி கிளாஸ் போயிருக்கான். பென்டடானிக் அஞ்சு பொசிஷனும் தலைகீழா வாசிப்பான். போன மாசம் கிடாரை விக்கறதுக்கு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தான். ஏன்டான்னு கேட்டா, "எனக்குள்ள மியூசிக் இல்லை தாதா. வாத்தியாரே சொல்லிட்டார், இம்ப்ரொவைஸ் பண்றது பிறவியிலேயே வரணுமாம்"னான்.

எனக்குக் கோவம் வந்துச்சு. சொல்லிக் கொடுக்காததைப் பிறவி மேல போடறது ரொம்ப சௌகரியமான வழி. மெனக்கெட்டு சம்பாதிச்ச காசுல கிடார் வாங்கி, சனிக்கிழமை தூக்கத்தை விட்டுட்டுப் போன ஒருத்தன், தனக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு வாழ்நாள் முழுக்க நம்பப் போறான். இப்படி எத்தனை கிடார் பரண் மேல கிடக்கும்! விக்கறதை ரெண்டு மாசம் தள்ளிப் போடுடா, நான் சொல்றதைச் செஞ்சு பாருன்னு சொன்னேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் போடறேன்.

1. முதல்ல வாயைத் திற. கார்டை போன்ல பதிவு பண்ணி ஓட விட்டுட்டு, கிடாரைத் தொடாம ரெண்டு பார் ஏதாவது ஹம் பண்ணு. குரல் நல்லா இருக்கணும்னு அவசியம் இல்லை. ஹம் பண்ணினதை கிடார்ல தேடி எடு. ஜார்ஜ் பென்சன் பாடிக்கிட்டே அதே சுரத்தை வாசிக்கிறதைக் கேளு. வாய் பாடினதைத்தான் விரல் வாசிக்கணும். விரல் பழக்கத்துல ஓடறதுக்கு வாய் பின்னாடி ஓடக் கூடாது.

2. மூணே சுரம், அஞ்சு நிமிஷம். ஏ, சி, டி மட்டும். இவ்வளவு குறைவா இருந்தா போரடிக்கும். போரடிக்கும்போதுதான் நீட்டறது, குறுக்கறது, அழுத்தறது, மெதுவா தொடறது, கம்பியை இழுத்து அரைச் சுரம் ஏத்தறது இதெல்லாம் தோணும். பன்னிரண்டு சுரம் கையில இருந்தா இதெல்லாம் தோணவே தோணாது.

3. ஒரே கம்பி. மிக் குட்ரிக் 1987-ல எழுதின 'தி அட்வான்சிங் கிடாரிஸ்ட்' புத்தகம் இதை ரொம்ப வலியுறுத்தும். ஒரு கம்பியிலேயே மேலும் கீழும் போனா, பழகின பொசிஷனெல்லாம் உதவாது. காதுதான் வழி காட்டணும். ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணு எவ்வளவு தூரம்னு கைக்குத் தெரியும். மாஷிமாவோட இரும்புத் துண்டு மாதிரி சறுக்கவும் வரும்.

4. ரெண்டு பார் பேச்சு, ரெண்டு பார் மௌனம். மௌனத்துல கையைக் கம்பியிலேர்ந்து எடுத்துடு. இதுதான் இருக்கறதுலேயே கஷ்டம். முதல் வாரம் கை நமநமங்கும். மைல்ஸ் டேவிஸோட 'ஸோ வாட்' (1959) கேளு. 32 பாருக்கு ரெண்டே ஸ்கேல். ஊதாம விட்ட இடத்தாலேயே அவர் அதைக் கட்டி எழுப்பியிருப்பார்.

5. சொன்னதையே திரும்பச் சொல்லு, கொஞ்சம் மாத்திச் சொல்லு. நம்ம நிரவல் இதுதான். ஒரே வரி, வார்த்தை தாளத்துல அதே இடத்துல விழும், சங்கதி மட்டும் மாறும். கிடார்ல ஒரு சின்ன வாக்கியம் எடுத்துக்க. தாளக்கட்டை மாத்தாம சுரத்தை மாத்து. அப்புறம் சுரத்தை மாத்தாம அரை அடி தள்ளி எடு. அப்புறம் கடைசி சுரத்தை மட்டும் மாத்து. ஒரே விஷயத்துல ஒரு நிமிஷம் நிக்க முடிஞ்சா கேட்கறவன் கூடவே வருவான். ஒவ்வொரு விநாடியும் புதுசா ஒண்ணு வந்தா அவன் எழுந்து டீ குடிக்கப் போயிடுவான்.

6. கார்டு மாறும்போது இறங்கற இடத்தைத் தெரிஞ்சுக்க. ஏ ப்ளூஸ்ல நாலாவது பார் ஏ7, அஞ்சாவது பார் டி7. ஏ7-ல சி ஷார்ப் இருக்கு, டி7-ல சி இருக்கு. மூணாவது கம்பியில ஆறாவது ஃப்ரெட்டுலேர்ந்து அஞ்சாவதுக்கு ஒரே ஒரு படி இறங்கினா போதும், பின்னாடி யாரும் வாசிக்கலைன்னாகூட கார்டு மாறினது கேட்கறவனுக்குத் தெரியும். ரெண்டாவது கம்பியில எட்டுலேர்ந்து ஏழு, அதாவது ஜி-யிலேர்ந்து எஃப் ஷார்ப், அதுவும் அப்படித்தான். வாக்கியத்தோட கடைசிச் சொல் சரியான இடத்துல விழறதுங்கறது இதுதான். கல்பனாஸ்வரம் பாடி எடுப்புல வந்து சேரும்போது வர்ற அந்த நிம்மதி இதுலயும் வரும்.

7. தினமும் ஒரு நிமிஷம் பதிவு பண்ணு. மறுநாள் கேளு. எங்கே உனக்கே கவனம் போயிடுதோ அங்கே நிறுத்தியிருக்கணும்னு அர்த்தம்.

இதுல எதுக்கும் தனியா திறமை வேணுமா சொல்லுங்க. பொறுமை வேணும், அவ்வளவுதான்.

வழக்கமா வர்ற ஆட்சேபணை ஒண்ணு இருக்கு. "அப்போ வேகம் தப்பா? ஜான் மெக்லாக்லின் என்ன மெதுவாவா வாசிச்சார்?" தப்பே இல்லை. ஆனா மெக்லாக்லினை முழுசா கேளுங்க. எஸ்.ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டவர் அவர். எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் இவங்களோட சேர்ந்து சக்தி குழுவோட முதல் ஆல்பத்தை 1975-ல மேடையிலேயே பதிவு பண்ணினார், 1976-ல வெளியாச்சு. அந்த மின்னல் வேகத்துலயும் சுரம் எல்லாம் கொத்துக் கொத்தா, கணக்கோட வந்து ஒரு இடத்துல அடங்கும். வேகமா பேசறவர்தான், ஆனா வாக்கியமா பேசறவர். வேகம் ஒரு குரல். எப்பவும் கத்திக்கிட்டே இருக்கிறவன் சொல்றதை யாரும் கேட்க மாட்டாங்க, அவ்வளவுதான் நான் சொல்றது.

இன்னொரு ஆட்சேபணை: "அடுத்தவங்க வாக்கியத்தைக் காப்பி அடிச்சா நம்ம சொந்தக் குரல் எப்படி வரும்?" நீங்க பேசற தமிழ்ல ஒரு வார்த்தையாவது நீங்க கண்டுபிடிச்சதா? அம்மா பேசினது, தெருவுல கேட்டது, படிச்சது எல்லாம் சேர்ந்துதான் உங்க பேச்சு. ஆனாலும் போன்ல ஹலோன்னு சொன்னதுமே நீங்கதான்னு வீட்டுல தெரிஞ்சிடுது. வெஸ் மான்ட்கோமெரி சார்லி கிறிஸ்டியனை அச்சு அசலா வாசிச்சு ஆரம்பிச்சவர்தான். பிறகு கட்டைவிரலால, எட்டாம் சுரத்தையும் சேர்த்து ஜோடியா அவர் வாசிச்சது வேற யாரோடதும் இல்லை.

வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேல் சொல்லித் தர்றதை நிறுத்த வேண்டாம். கிரேடு பரீட்சைக்கு அது தேவை, கைக்கும் தேவை. ஒரு மணி நேர கிளாஸ்ல கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் பையனைப் பாட விடுங்க. அவன் தாய்மொழியில அவனுக்குப் பிடிச்ச பாட்டு ரெண்டு வரி, அதையே கம்பியில. அப்புறமும் வரலைன்னா பிறவியைப் பத்திப் பேசலாம்.

தம்பி இப்போதைக்கு கிடாரை விக்கலை. ரெண்டு பார் மௌனத்துல இன்னும் கை துடிக்குதுன்னு புலம்பிக்கிட்டு இருக்கான். போன வாரம் ஒரு பதிவு அனுப்பினான். மூணே சுரம், நடுவுல நிறைய காத்து. ரெண்டாவது வாக்கியம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எனக்கு அது போதும்.

உங்க வீட்டுப் பரண் மேலயும் ஒரு கிடார் இருக்கா? இறக்கித் துடைச்சு, கம்பி மாத்தி, முதல்ல ஒரு வரி பாடுங்க. என்ன பாட்டுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஸ்கேல்தான் எல்லாம்னு அடிச்சுச் சொல்றவங்களும் வாங்க, பேசுவோம். நடுநடுவுல மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிட்டுப் பேசுங்க.